பள்ளித் திடலிலிருந்து பல்கலைக்கழக அரங்குக்கு: டெக்சாஸ் பெண்கள் கூடைப்பந்தின் பயிற்றுநர்கள்

உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பழக்கி வெற்றி கண்ட ஒருவர் கல்லூரி அணிக்குப் பயிற்றுநராகச் செல்வது இன்று பதவி உயர்வாகவே கருதப்படுகிறது. ஆனால் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1970-களின் தொடக்கம் வரை நிலைமை ஏறத்தாழ நேர்மாறாக இருந்தது. அங்கே பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளை நடத்தும் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்காலஸ்டிக் லீக் என்னும் அமைப்பு 1951-லேயே பெண்களுக்கு மாநில வாகையர் போட்டியைத் தொடங்கிவிட்டது; சிற்றூர்ப் பள்ளிகளின் அணிகளுக்கு ஊரே திரண்டு வந்து பார்க்கும் கூட்டமும், ஊதியம் பெறும் பயிற்றுநரும் இருந்தனர். கல்லூரிகளிலோ, கடும் போட்டி பெண்களின் உடலுக்கும் பண்புக்கும் ஒவ்வாது என்று நம்பிய உடற்கல்வித் துறையினரின் செல்வாக்கால், பெண்கள் ஆட்டம் பல பத்தாண்டுகள் பொழுதுபோக்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது. பிளெயின்வியூ நகரின் வேலண்ட் பாப்டிஸ்ட் கல்லூரி மட்டும் இதற்குப் பெரிய விதிவிலக்கு: உள்ளூர் விமான நிறுவன உரிமையாளர் ஒருவர் தம் சிறு விமானங்களில் அழைத்துச் சென்றதால் ‘ஃபிளையிங் குவீன்ஸ்’ எனப் பெயர் பெற்ற அதன் அணி, 1953 முதல் 1958 வரை தொடர்ந்து 131 ஆட்டங்களில் வென்றது.

அக்காலப் பள்ளிப் பயிற்றுநர் கற்பித்த ஆட்டமே வேறு. அணிக்கு ஆறு பேர். மூவர் தாக்குபவர், மூவர் தடுப்பவர். நடுக்கோட்டை எவரும் தாண்டக் கூடாது. எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்த தடுப்பாளர் அதை நடுக்கோடு வரை கொண்டுவந்து மறுபாதியில் காத்திருக்கும் தாக்குபவரிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கேயே நின்று ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். பந்தைத் தரையில் இரண்டு முறைக்கு மேல் தட்டி நகர்வதும் விதிமீறல். பெண்கள் களைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் பிறந்த இந்த விதிகள், எதிர்பாராத வகையில், கால்வைப்பையும் பந்து கைமாற்றலையும் நுணுக்கமாகப் பயிற்றும் ஓர் ஆசிரியர் பரம்பரையை உருவாக்கின. கல்லூரிகள் 1971-இல் ஐவர் ஆட்டத்துக்கு மாறின; டெக்சாஸ் பள்ளிகள் 1978 வரை பழைய விதியிலேயே ஆடின.

இந்தப் பரம்பரையிலிருந்து முதலில் கல்லூரிக்குச் சென்றவர்களில் முதன்மையானவர் ஜோடி கான்ராட். வேக்கோ நகரை ஒட்டிய மிட்வே உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தியபடியே அணியையும் பழக்கிய அவர், 1969-இல் சாம் ஹூஸ்டன் கல்லூரிக்குச் சென்றபோது கூடைப்பந்தோடு பிற விளையாட்டுகளையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருந்தது. 1976-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. பத்தாவது பருவத்தில் அவருடைய அணி ஒரு தோல்வியும் இன்றி 34 ஆட்டங்களையும் வென்று தேசிய வாகை சூடியது.

இடைப்பட்ட காலத்தில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பால் அடிப்படையில் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் ‘ஒன்பதாம் தலைப்பு’ என்னும் சட்டப்பிரிவு 1972-இல் வந்தது. மறுஆண்டு, பெண்களின் கல்லூரி விளையாட்டை நிர்வகித்த சங்கம், தன்மீது தொடுக்கப்பட்ட வழக்கின் விளைவாக, விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை வழங்கக் கூடாது என்ற தடையைக் கைவிட்டது. முதல் மாற்றமே பெரிதும் பேசப்பட்டாலும், பயிற்றுநர்களின் வரலாற்றில் இரண்டாவதற்கே கூடுதல் எடை உண்டு. உதவித்தொகை கொடுத்து வீராங்கனைகளைத் தேடிச் சேர்க்க வேண்டிய நிலை வந்தவுடன், எந்தப் பள்ளியில் யார் ஆடுகிறார், அவருடைய குடும்பம் எத்தகையது என்பதை அறிந்தவர்கள் கல்லூரிகளுக்குத் தேவைப்பட்டனர்.

கேரி பிளேரின் வாழ்க்கை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. டாலஸ் நகரின் சவுத் ஓக் கிளிஃப் உயர்நிலைப் பள்ளியில் 1973-இல் பொறுப்பேற்ற அவர், பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த அப்பள்ளிக்கு 1977, 1978, 1980 ஆகிய ஆண்டுகளில் மாநில வாகையைப் பெற்றுத் தந்தார். முதல் இரண்டும் அறுவர் ஆட்டத்தில், மூன்றாவது ஐவர் ஆட்டத்தில் பெற்றவை என்பது, விதி மாறினாலும் நிலைக்கும் பயிற்றுத்திறனுக்கு வலுவான சான்று. அவரிடம் பயின்றவர்களுள் டெப்ரா ராட்மன், கிம் ராட்மன் என்னும் சகோதரியர் இருவர். பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரராகப் புகழ்பெற்ற டென்னிஸ் ராட்மனின் தங்கையர். டெப்ரா லூசியானா டெக் கல்லூரியில் ஆடினார்; பிளேரும் 1980-இல் அங்கேயே உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தார். மூன்று வாகைகள் பெற்ற தலைமைப் பயிற்றுநர் இன்னொருவருக்குக் கீழே ஐந்தாண்டுகள் பணிபுரிய இசைந்தது எளிய முடிவன்று. எனினும் வீராங்கனைகளைத் தேர்ந்து சேர்க்கும் கலையை அவர் கற்றது அங்கேதான். 1985-இல் ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின், 1993-இல் ஆர்கன்சா, 2003-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் என அவர் பொறுப்பேற்ற மூன்று பல்கலைக்கழக அணிகளும் உயர்ந்தன. கடைசியாகக் குறிப்பிட்டது 2011-இல் நோட்டர் டேம் அணியை 76-70 எனத் தோற்கடித்துத் தேசிய வாகையானது.

மேற்கு டெக்சாஸின் பருத்திச் சமவெளியில் லாக்னி என்னும் சிற்றூர்ப் பள்ளியில் பயிற்றுவித்த மார்ஷா ஷார்ப், 1982-இல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். அதே வட்டாரத்தின் பிரவுன்ஃபீல்டில் பிறந்த ஷெரில் ஸ்வூப்ஸ், தொலைவிலிருந்த பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்புக்கொள்ளாமல் ஊர் திரும்பி, அருகிலிருந்த ஈராண்டுக் கல்லூரியில் படித்து முடித்து, ஷார்ப்பின் அணியில் சேர்ந்தார். 1993 இறுதியாட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு எதிராக அவர் ஒருவரே 47 புள்ளிகள் எடுக்க, டெக்சாஸ் டெக் 84-82 என வென்றது. அந்த வட்டாரத்துக் குடும்பங்களின் மொழியை அறிந்த பயிற்றுநர் அங்கே இல்லாதிருந்தால், ஸ்வூப்ஸின் அருமையை உணர்ந்த வேறு எத்தனையோ பெரிய கல்லூரிகள் அவரைக் கொண்டு சென்றிருக்கும்.

பணமும் புகழும் சேர்ந்த பிறகு பெண்களுக்கே இந்த வழி குறுகியது என்பது வருந்தத்தக்கது. 1972-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தனர். 2014-இல் அது பாதிக்கும் கீழே, ஏறக்குறைய 43 விழுக்காடாக இறங்கியிருந்தது.

பள்ளியிலிருந்து கல்லூரிக்குச் சென்ற எல்லோரும் அங்கேயே தங்கிவிடவும் இல்லை. ஸ்பியர்மன் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் அணியை மாநில வாகையாக்கிய டீன் வீஸ், 1973 முதல் ஆறாண்டுகள் வேலண்ட் பாப்டிஸ்டின் ஃபிளையிங் குவீன்ஸ் அணியை நடத்தி, பின்பு டாலஸில் பெண்களின் தொழில்முறை அணி ஒன்றுக்கும் பயிற்றுநராக இருந்துவிட்டு, லெவலண்ட் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கே திரும்பினார். பெண்கள் பள்ளிக் கூடைப்பந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றிகளைப் பெற்ற பயிற்றுநர்களின் வரிசையில் அவர் பெயர் இடம்பெற்றிருப்பது, கல்லூரிக்குப் போகும் முன்பும் அங்கிருந்து திரும்பிய பின்பும் பள்ளிப் பிள்ளைகளிடையே அவர் ஆற்றிய பணியாலேயே.