குளிர்காலமும் தொட்டிச் செடியும்

பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் இல்லங்களில், வாசற்புறத்தில் ஒரு துளசித் தொட்டியையும் சமையலறைப் பக்கம் ஒரு கறிவேப்பிலைச் செடியையும் நாம் காண்கிறோம். மார்கழி பிறந்ததும் கறிவேப்பிலை இலையுதிர்த்து நிற்பதும், துளசி கருகிப்போவதும் வடநாட்டில் வாழ்வோர் நன்கு அறிந்த துயரம். அயல்மண்ணில் ஒரு செடியைக் குளிரினின்று காப்பாற்றுவது எங்ஙனம் என்னும் வினாவிற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதன் கிளையொன்று கோலார் தங்கவயல் வரை நீள்கிறது.

லண்டன் மாநகரில் நதானியேல் வார்டு என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் ஆசையுடன் வளர்த்த பெரணிச் செடிகள் நகரத்துப் புகையால் மடிந்தன. 1829ஆம் ஆண்டில், பூச்சிக்கூடு ஒன்றை ஈரமண்ணுடன் கண்ணாடிப் புட்டியிலிட்டு அவர் மூடிவைத்தார். சில நாட்களில் அம்மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் முளைத்தன. பகலில் ஆவியாகும் நீர் கண்ணாடியிற் படிந்து, மீண்டும் மண்ணிற்கே திரும்புவதை அவர் கண்டார். இதுவே கண்ணாடிப் பேழையின் தோற்றம். 1833இல் இத்தகைய பேழைகள் இரண்டு செடிகளுடன் சிட்னிக்குக் கப்பலேறின. திரும்பும் பயணத்தில் அவற்றில் ஆஸ்திரேலியச் செடிகள் வந்தன. கோடை வெயிலிற் புறப்பட்டு, தென்னமெரிக்க முனையில் கப்பல் தளம் பனியால் மூடப்பட்ட நிலையிலும், அச்செடிகள் உயிருடன் லண்டன் சேர்ந்தன.

இப்பேழையின் பயனை நம் நாடும் அறிந்தது. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சரிவுகளுக்கும், மலேரியாவிற்கு மருந்தாகும் சின்கோனாக் கன்றுகள் 1860களில் நீலகிரிக்கும் இவ்வகையிலேயே வந்தன. பெங்களூர் லால்பாக்கில் 1889இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையும் இக்காலத்து ஆர்வத்தின் சின்னமே.

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,800 அடி உயரத்தில் உள்ளது தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு சுரங்கப் பணியை மேற்கொண்டது. ஆங்கில அதிகாரிகளின் பங்களாக்களைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன. ஊருக்குச் ‘சிறு இங்கிலாந்து’ என்னும் பெயரும் வந்தது. தாய்நாட்டில் பனிக்கு அஞ்சிச் செடியை வீட்டினுள் வைத்தவர்களுக்கு இங்கே பனிக்கட்டியின் அச்சமில்லை. குளிர்ந்த இரவும், வறண்ட காற்றும், தண்ணீர்ப் பஞ்சமுமே இவ்வூர்ச் செடிக்குப் பகை. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நீர் கொணர்ந்த பின்னரே ஊரின் தாகம் தணியலாயிற்று.

சுரங்கத்தில் உழைத்தவருள் பெரும்பாலோர் வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர். லயன் வீடுகளில் அவர்கள் நெருங்கி வாழ்ந்தனர். தோட்டமிட இடமில்லாத குடும்பத்திற்கு ஒரு மண்சட்டியோ தகரடப்பாவோதான் தோட்டம். தங்கம் பிரித்தெடுத்தபின் எஞ்சிய தூளைக் கொட்டிய சயனைடு மேடுகள் குடியிருப்புகளுக்கு அருகிலேயே உயர்ந்தன. காற்றடித்தால் அத்தூள் எங்கும் படியும். லண்டன் புகை வார்டின் பெரணிக்கு இழைத்த தீங்கையே இங்குத் தூசு இழைக்க வல்லது. இலைமேற் படியும் தூசு ஒளியை மறைத்து, இலைத் துளைகளை அடைத்துவிடும்.

சுரங்கத் தொழிலாளி இருவேறு பருவங்களை ஒரே நாளில் அறிந்தவர். பூமிக்கடியில் 10,000 அடிக்குக் கீழே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கும் மேல். மேலேறி வந்தால் மார்கழிக் குளிர். இத்தகைய திடீர் மாற்றம் மனிதவுடலைப் போலவே செடியையும் வருத்தும். இதனை உணர்ந்தால் குளிர்காலப் பராமரிப்பின் பாதி விளங்கிவிடும்.

குளிரில் செடியின் வளர்ச்சி மெதுவாகிறது. ஆதலின் அது பருகும் நீரும் குறைகிறது. கோடையிற் போல நாள்தோறும் நீரூற்றினால் வேர் அழுகும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தபின், குளிர்ந்த நீரை விடுத்து அறைவெப்பமுள்ள நீரைக் காலையில் ஊற்றுதல் நன்று. துளசியையும் கறிவேப்பிலையையும் இரவில் உள்ளே வைத்து, பகலில் தெற்கு நோக்கிய சாளரத்தின் வெயிலில் வைக்கவேண்டும். கணப்பினருகே வைத்தல் கூடாது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையின் தூசைத் துடைக்கவேண்டும். கறிவேப்பிலை இலையுதிர்த்துவிட்டால் உடனே எறிந்துவிடலாகாது. தண்டைச் சிறிது கீறிப் பார்த்துப் பசுமை தெரிந்தால், வேனிலில் அது துளிர்க்கக்கூடும்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்குப் பிறந்தோரில் பலர் பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கும் பிற நகரங்களுக்கும் சென்றனர். நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் சென்று திரும்புவோரும் உளர். மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்த ஊரை விட்டுச் செல்வோர் எல்லாவற்றையும் உடன் எடுத்துச் செல்லுதல் இயலாது. எனினும் ஒரு துளசிக் கன்றைக் கொண்டுசெல்லலாம். அது புதிய ஊரின் முதல் குளிர்காலத்தைக் கடக்கும் வரை கூடுதல் கவனத்துடன் பேணுவோமாக.