நுவரெலியாவுக்குப் பிள்ளைகளுடன் போகுமுன்

கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் நுவரெலியா செல்ல விரும்பும் புலம்பெயர் நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. ஓகஸ்ட்டில் அங்கே தென்மேற்குப் பருவமழையும் காற்றும் இருக்கும். குடையும் கம்பளிச் சட்டையும் அவசியம். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவுக்குச் சென்று திரும்பும் நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். அதிகாலையிலேயே புறப்பட வேண்டும். முற்பகலில் மூடுபனி பள்ளத்தாக்கைப் பெரும்பாலும் மறைத்துவிடும். செங்குத்தான விளிம்பில் சிறுவரின் கையை விடலாகாது.

இந்த மலை விடுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1824 முதல் 1831 வரை ஆளுநராயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள இவ்வூரை ஆங்கிலேயர் உடல்தேறும் இடமாக வளர்த்தார். 1870களில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் ஏரி அமைந்தது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. வெக்கைக்கு அஞ்சிய துரைமார் குடும்பங்களுக்குப் பயணம் எளிதாயிற்று.

ஆனால் மலைநாட்டு வீதிகளிலும் தோட்டங்களிலும் உழைத்த தமிழகத் தொழிலாளரின் பிள்ளைகள் லயன் அறைகளிலேயே வளர்ந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஆகவே நண்பர்களே, பயணத் திட்டத்தில் ஒரு மணிநேரத்தை ஒதுக்குங்கள். ஏரியில் படகு விட்ட பின்னர், தேயிலைச் சரிவைக் காட்டி, அதனை உருவாக்கியவர் யாரென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அழகை மட்டும் காட்டித் திரும்பினால் பாதி மலையைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள்.