பாட்லிங்குகள் என்ன பேசின?

போன போயாவுக்கு, பதுளைப் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில் 'தி டார்க் கிறிஸ்டல்' படம் போட்டோம். இரவல் புரொஜெக்டர், சுவரில் வெள்ளை வேட்டி. ஆங்கிலப் படம் என்பதால் பெரியவர்களுக்காக நாங்களே சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். பாட்லிங்குகள் பேசும் இடத்தில் மட்டும் வாயடைத்துப் போனோம்.

"ஏன்டா நிப்பாட்டிட்டீங்க? அந்தச் சின்னதுங்க என்னா சொல்லுதுங்க?" என்று அப்பாயி கேட்டார். எங்களுக்கே தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் இந்தக் கதை கிடைத்தது.

1982இல் ஜிம் ஹென்சனும் பிராங்க் ஓஸும் இயக்கிய படம். உருவங்களை வரைந்தவர் பிரையன் ஃப்ரௌட். திரையில் ஒரு மனித முகம்கூட இல்லை, எல்லாமே பொம்மை. லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் அரங்கின் தரையை உயர்த்திக் கட்டி, ஆட்டுகிறவர்கள் அதற்குக் கீழே நின்றார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி, சின்னத் திரையைப் பார்த்து ஆட்ட வேண்டும். ஸ்கெக்ஸிஸ் என்ற கழுகுமூஞ்சி அரசர்களுக்குள்ளே ஒருவர் இருப்பார். கண்ணையும் இமையையும் வெளியிலிருந்து வேறு சிலர் கேபிளால் அசைப்பார்கள்.

தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்திலும் இந்தப் பாடு உண்டு. நூல்களை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தைக் கலைஞர் தலையில் மாட்டிக்கொள்வார். பொம்மை 10 கிலோ வரைக்கும் இருக்கும். கொழுந்துக்கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறியவர்களுக்கு அந்தக் கழுத்துவலியை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

மாசியில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த அப்பாயிக்கு அசுர வேஷம் புதிதும் இல்லை. அவரை உலுக்கியது வேறு காட்சி. ஸ்கெக்ஸிஸ்கள் பாட்லிங்குகளைப் பிடித்துவந்து கட்டிவைத்து, பளிங்கின் ஒளியால் உயிர்ச்சாரத்தை உறிஞ்சிக் குடிக்கிறார்கள். சாயம் இறங்கின தேயிலைத்தூள் மாதிரி மிஞ்சுகிற உடம்பு, வெளிறிய கண்ணோடு கோட்டையில் வேலை செய்கிறது.

இனி மொழி விஷயம். முதலில் ஸ்கெக்ஸிஸ்களும் புனைமொழிதான் பேசினார்கள். முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்கள் குழம்பிப்போகவே, அவர்களுக்கு ஆங்கிலக் குரல் கொடுத்தார்கள். பாட்லிங்குகளுக்கு அது கிடைக்கவில்லை. செர்போ குரோஷிய மொழியைத் தழுவிய அவர்கள் பேச்சு அப்படியே நின்றது. ஆள்பவன் சொல்வது மட்டும் எல்லாருக்கும் புரிந்தால் போதும் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்தான். ஆனாலும் நடந்தது அதுதான்.

இங்கே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. அந்த ஆட்களிடம் யார் கேட்டது? இந்தப் படம் வந்த 1982இலும் தோட்டங்களில் நாடற்றவர்கள் இருந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கான சட்டம் 2003இல்தான் வந்தது.

எங்களுக்குப் படத்தில் ஒரு குறையும் உண்டு. நாயகன் ஜென்னின் முகம் மரக்கட்டை. பாட்லிங்குகளோ கடைசிவரை யாராவது காப்பாற்றட்டும் என்றே கிடக்கிறார்கள்.

2019இல் வந்த தொடரில் ஹப் என்றொரு பாட்லிங் இருக்கிறான். மரக்கரண்டியை வாள் மாதிரி தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறான், அரைகுறை ஆங்கிலமும் பேசுகிறான். அடுத்த போயாவுக்கு அதைப் போடுகிறோம். இந்த முறை அப்பாயிக்குக் கொஞ்சமாவது சொல்லலாம்.