குட்டைத் துப்பாக்கியின் நெடுங்கதை

துப்பாக்கியின் குழல் நீண்டிருக்க வேண்டும். துப்பாக்கியோ குறுகியிருக்க வேண்டும். கடந்த நூற்றாண்டு முழுவதும் காலாட்படைக்குக் கருவி வகுத்தோரை அலைக்கழித்த முரண்பாடு இதுவே. தோட்டா வெடிக்கும்போது பிறக்கும் வாயு, குண்டைக் குழலின் வழியே உந்திச் செல்கிறது. குழல் நீண்டிருந்தால் அவ்வுந்துதல் நீடிக்கும்; குண்டும் விரைவு மிகுந்து வெளிப்படும். குழலைக் குறைத்தால் விரைவு குன்றும். எரிந்து தீராத மருந்து குழல்வாயில் தீப்பிழம்பாய்ச் சீறிச் சுடுபவன் இருக்குமிடத்தைப் பகைவனுக்குக் காட்டிக் கொடுக்கும். ஆயினும், கொடியும் முள்ளும் பின்னிய காட்டில் நடப்பவனுக்கும், கவச வண்டியின் இடுக்கிலிருந்து குதிப்பவனுக்கும், வீட்டுக்கு வீடு நுழைந்து போரிடுபவனுக்கும் நீண்ட துப்பாக்கி பெருந்தொல்லை அன்றோ?

இத்தொல்லையை மலாயாக் காடுகள் நன்கு அறிந்திருந்தன. 1948-ஆம் ஆண்டு தொடங்கிய அவசரகாலத்தில், பிரிட்டிஷ் வீரர் பலர் லீ-என்ஃபீல்டு ஐந்தாம் எண் துப்பாக்கியைத் தாங்கிச் சென்றனர். ‘காட்டுக் கார்பைன்’ என்பது அதன் செல்லப்பெயர். ஏறத்தாழ 113 சென்டிமீட்டர் நீளமுடைய பழைய துப்பாக்கியின் குழலை வெட்டி, 100 சென்டிமீட்டருக்குக் கொணர்ந்திருந்தனர். சுமப்பதற்கு எளிதாயிற்று, சுடுவதற்குக் கடினமாயிற்று. தோளை இடித்துத் தள்ளும் பின்னுதைப்பும், குழல்வாய்த் தீயை மறைக்கப் பூட்டிய புனல் போன்ற மூடியும், குறி நிலையாய் நில்லாது என்ற ஓயாத குறைபாடும் அதனோடு வந்தன. குழலை வெட்டுவதால் மட்டும் இச்சிக்கல் தீராது என்பதற்கு அத்துப்பாக்கியே சான்று.

வேறொரு வழி இருந்தது. வழக்கமான துப்பாக்கியில் விசைக்குப் பின்னுள்ள அடிக்கட்டை, தோளில் பதிப்பதற்கன்றி வேறு எதற்கும் பயன்படுவதில்லை. ஏறக்குறைய ஓர் அடி நீளம் வெறுங்கட்டையாய்க் கிடக்கிறது. தோட்டாக்கூட்டையும் வெடிப்புப் பொறியையும் பின்னே தள்ளி அக்கட்டைக்குள்ளேயே அடக்கிவிட்டு, விசையையும் கைப்பிடியையும் முன்னே கொணர்ந்தால், குழலில் ஓர் அங்குலமும் குறைக்காமல் துப்பாக்கியைக் குறுக்கிவிடலாம். ஆங்கிலத்தில் ‘புல்பப்’ என வழங்கும் இவ்வமைப்பைத் தமிழில் ‘பின்பொறித் துப்பாக்கி’ என்று சொன்னால் பொருள் தானே விளங்கும்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1901-ஆம் ஆண்டிலேயே தார்னிகிராஃப்ட் என்பார் இம்முறையில் ஒரு கார்பைனை வகுத்தளித்தார். பின்னுதைப்பு மிகுதி என்றும், கையாள்வது கடினம் என்றும் பிரிட்டிஷ் படை அதனைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதற்கு உண்மையான உயிர் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே.

என்ஃபீல்டு ஆயுதச்சாலையில் ஸ்டீபன் ஜான்சன் தலைமையில் உருவான ‘இ.எம்.2’ பின்பொறித் துப்பாக்கியின் முழு நீளம் 889 மில்லிமீட்டர். அதன் குழலோ 623 மில்லிமீட்டர். அஃதாவது, பழைய லீ-என்ஃபீல்டின் குழலுக்கு ஏறக்குறைய ஒத்த குழல், அதனினும் முக்கால் அடிக்கு மேல் குட்டையான துப்பாக்கியில் அமைந்தது. இதற்கெனப் புதிதாய் வகுத்த 7 மில்லிமீட்டர் தோட்டாவும் அளவான உதைப்புடையது. 1951 ஏப்ரலில், தொழிற்கட்சி அரசின் தற்காப்பு அமைச்சர் எமானுவேல் ஷின்வெல், பிரிட்டிஷ் படை இதனை ஏற்கும் என அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஆட்சி மாறிற்று. மீண்டும் பிரதமரான சர்ச்சில், நேட்டோ நாடுகள் அனைத்தும் ஒரே தோட்டாவைப் பயன்படுத்துவதே முதன்மை எனக் கருதினார். அமெரிக்கரோ ஆற்றல் மிக்க 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைவிட்டு இறங்கி வர மறுத்தனர். இ.எம்.2 கைவிடப்பட்டது. 1954-இல் பெல்ஜிய வடிவமைப்பான எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைப் பிரிட்டன் தேர்ந்துகொண்டது. அதன் நீளம் 1,143 மில்லிமீட்டர். குழலோ 533 மில்லிமீட்டர்தான். கைவிட்ட துப்பாக்கியைவிட அரை முழத்துக்கு மேல் நீண்டும், குழலில் குறைந்தும் நின்ற ஒன்றையே ஏற்க நேர்ந்தது!

அக்கருவி உறுதியானது என்பதில் ஐயமில்லை. எனினும், 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் நிகழ்ந்த மோதலின்போது, போர்னியோக் காட்டில் அதன் நீளமும் பாரமும் சுமையாயின. அங்குள்ள தம் வீரர்க்கெனப் பிரிட்டிஷார் அமெரிக்காவிலிருந்து இலேசான ஆர்மலைட் துப்பாக்கிகளை வாங்கினர். அவற்றின் தோட்டா 5.56 மில்லிமீட்டர். பிரிட்டனின் 7 மில்லிமீட்டர் தோட்டாவை ஆற்றல் போதாது என ஒதுக்கிய அமெரிக்கர், பத்தாண்டு சென்றபின் அதனினும் சிறியதற்கு மாறினர் என்பது வரலாற்றின் குறும்பு எனலாம்.

1970-களின் இறுதியில் பின்பொறித் துப்பாக்கி மறுபிறவி எடுத்தது. ஆஸ்திரியா 1977-இல் ‘ஸ்டெயர் ஏ.யூ.ஜி.’ துப்பாக்கியை ஏற்றது; பிரான்ஸ் அடுத்த ஆண்டே ‘ஃபாமாஸ்’ என்பதனைக் கொணர்ந்தது. ஊதுகொம்பை ஒத்த வடிவினால் பிரெஞ்சு வீரர் அதனைக் ‘கிளாரோன்’ என்று அழைத்தனர். ஸ்டெயரில் நெகிழிக் கூடும், உள்ளிருக்கும் தோட்டாக்களைக் கண்ணால் எண்ணிவிடத்தக்க தோட்டாக்கூடும் இருந்தன. 790 மில்லிமீட்டர் நீளத்தில் 508 மில்லிமீட்டர் குழல். அதே குழல் நீளமுடைய அமெரிக்க எம்.16 துப்பாக்கியோ ஒரு மீட்டரை எட்டியது.

பிரிட்டனும் தான் கைவிட்ட எண்ணத்திற்கே திரும்பியது. 1985-இல் படைக்கு வந்த ‘எஸ்.ஏ.80’ அதன் பயன். 785 மில்லிமீட்டர் நீளம். நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக் குறிகாட்டி. நின்று குறிபார்த்துச் சுடுகையில் வியக்கத்தக்க துல்லியம். ஆயினும், அதனைப்போல் பழிக்கு ஆளான படைக்கருவி அண்மைக் காலத்தில் அரிது. தோட்டாக்கூட்டை விடுவிக்கும் பித்தான் உடம்பில் உரசினாலே கூடு கழன்று விழுந்தது. கொசுவை விரட்டும் மருந்து பட்டு நெகிழிப் பகுதிகள் கெட்டன. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரின் மணலில் அது அடிக்கடி சிக்கிக்கொண்டது. வீரர்தம் குறைகளைத் தொகுத்த உள்ளறிக்கை 1992-இல் வெளியே கசிந்தது. எதிரே பகைவன் நிற்கக் கையிலுள்ள கருவி இயங்காது போகும் நிலை எத்தகையது என்பதனைத் தலைநகரில் அமர்ந்து கணக்கெழுதுவோர் உணர்ந்திருப்பரா என்பது ஐயமே.

‘பின்பொறி அமைப்பே பிழை’ என்று அக்காலத்தில் பலர் தீர்ப்புக் கூறிவிட்டனர். அத்தீர்ப்பு சரியன்று. கழன்று விழும் தோட்டாக்கூட்டுக்கும் பொறி இருக்கும் இடத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கேடு வடிவத்தில் அன்று. உற்பத்தியிலும் சோதனையிலும் இருந்தது. அரசு ஆயுதச்சாலைகள் 1987-இல் தனியார்க்கு விற்கப்பட்டன. 1988-இல் என்ஃபீல்டு ஆலை மூடப்பட்டு, உற்பத்தி நாட்டிங்காமுக்கு மாற்றப்பட்டது. கைதேர்ந்த தொழிலாளர் தம் வேலை போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்த வேளையில் ஒரு புதிய கருவி பிறந்தது என்றால், அதன் குறைகள் வியப்பளிக்கா. பின்னர், 2000-ஆம் ஆண்டையொட்டி, ஹெக்லர் கோக் என்னும் ஜெர்மானிய நிறுவனம் ஏறத்தாழ 2 இலட்சம் துப்பாக்கிகளின் உள்ளுறுப்புகளை மாற்றியமைத்தது. செலவு 9 கோடி பவுனுக்கும் மேல். வடிவம் அப்படியே இருந்தது, நோய் தீர்ந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அதே துப்பாக்கியைப் பிரிட்டிஷ் வீரர் நெடுங்காலம் தாங்கினர்.

எனின், வடிவத்துக்கே உரிய குறை எதுவும் இல்லையோ? உண்டு, அதனை எந்தத் தொழிற்சாலையாலும் எளிதில் நீக்க இயலாது. விசை முன்னும் பொறி பின்னும் இருத்தலால், இரண்டையும் ஒரு நீண்ட தண்டு இணைக்க வேண்டும். அதனால் விசையை இழுக்கும்போது உணர்வு தெளிவாக இராது. தோட்டாக்கூடு அக்குளுக்கு அருகில் அமைவதால், தரையோடு தரையாய்ப் படுத்திருப்பவன் அதனை மாற்ற உடலை வளைக்க வேண்டும். வெடிப்பு நிகழுமிடம் கன்னத்தோடும் காதோடும் ஒட்டியிருக்கிறது. அனைத்தினும் பெரிய குறையோ இடக்கையாளரைப் பற்றியது.

சுட்டபின் வெற்றுறை வலப்புறமாகத் தெறிக்கும். வலத்தோளில் வைத்துச் சுடுபவனுக்கு அதனால் இடரில்லை. இடத்தோளில் வைத்தாலோ, சூடான உறை முகத்தில் பாயும். எஸ்.ஏ.80-இல் பொறியை இழுக்கும் கைப்பிடியும் ஒவ்வொரு வெடிக்கும் முன்பின்னாக ஓடும். அஃது பல்லை உடைக்கவும் கூடும். ஆதலின், பிரிட்டிஷ் படையில் இடக்கையாளர் அனைவரும் வலத்தோளில் வைத்தே சுடப் பழக்கப்பட்டனர். இடக்கையால் எழுதும் பிள்ளையின் விரலில் பிரம்பால் தட்டி, வலக்கைக்கு மாற்றிய பழைய பள்ளிக்கூடங்களை இது நினைவூட்டுகிறது. பள்ளிக்கூடம் அவ்வழக்கத்தை விட்டொழித்தது, துப்பாக்கி விடவில்லை. இத்துன்பம் இடக்கையாளரோடு நிற்பதுமில்லை. சுவரின் இடப்பக்க விளிம்பில் மறைந்து சுடும் வீரன், துப்பாக்கியை இடத்தோளுக்கு மாற்ற முடிந்தால் உடலை மறைத்துக்கொள்ளலாம். மாற்ற இயலாதவன் தன் மார்பையே வெளிக்காட்ட வேண்டும். ஸ்டெயரிலும் ஃபாமாஸிலும் உறை வெளியேறும் பக்கத்தை மாற்றியமைக்கலாம் என்பது உண்மையே. ஆனால், துப்பாக்கியைப் பிரித்து உறுப்பை மாற்றுவதற்குப் போர்க்களத்தில் எவன் நேரம் தருவான்?

இந்நன்மை தீமைகளை எடைபோட்ட நாடுகளுள் சிங்கப்பூரும் ஒன்று. அங்குத் தேசிய சேவையாற்றும் இளைஞர் எம்.16 வகைத் துப்பாக்கியைப் பல்லாண்டு தாங்கினர். அதற்கு மாற்றாகச் சிங்கப்பூரே வடிவமைத்த ‘எஸ்.ஏ.ஆர்.21’ 1999-இல் வெளியிடப்பட்டது. பின்பொறி அமைப்பினால் அதன் நீளம் 805 மில்லிமீட்டர். குழல் பழைய 508 மில்லிமீட்டரே. வெடிப்பு முகத்தருகே நிகழும் என்னும் அச்சத்தையும் அவர்கள் மறந்துவிடவில்லை; சுடுபவனின் கன்னம் பதியும் இடத்தில் கெவ்லார் தகடு ஒன்றைப் பதித்தனர். கவச வண்டியிலும் அடுக்குமாடிக் கட்டடங்களிடையேயும் போரிட நேரக்கூடிய ஒரு சிறு நாட்டின் படைக்கு அத்தேர்வு பொருந்தியது எனலாம். மலேசியத் தரைப்படையும் 1990-களில் ஸ்டெயரை ஏற்றது. பின்னர் அமெரிக்க எம்.4-க்கு மாறியது.

அம்மாற்றம் தனித்த ஒன்றன்று. நியூசிலாந்து 2015-இல் ஸ்டெயரைக் கைவிட முடிவெடுத்தது; பிரான்ஸ் 2016-இல் ஃபாமாஸுக்கு மாற்றாக ஜெர்மானியத் துப்பாக்கியைத் தேர்ந்தது; சீனாவும் தன் பின்பொறித் துப்பாக்கிக்குப் பதிலாக வழக்கமான அமைப்புடைய ஒன்றை 2019 அணிவகுப்பில் காட்டியது. எம்.4 போன்ற கார்பைன்களின் அடிக்கட்டையை நீட்டவும் சுருக்கவும் இயலும். குண்டு துளைக்காத உடைமேல் வைத்துச் சுடுபவனுக்கும், கைந்நீளம் குறைந்தவனுக்கும் அது பேருதவி. பொறியை உள்ளே கொண்ட கட்டையைச் சுருக்க முடியாது. எனினும் இதற்கும் விலை உண்டு: எம்.4-இன் குழல் 368 மில்லிமீட்டரே. காட்டுக் கார்பைனுக்குச் செய்தது போலவே, குழலை வெட்டித்தான் இங்கும் நீளத்தைக் குறைத்தனர். சிறு தோட்டாவின் குறைந்த உதைப்பு அவ்வலியை மறைத்தது, அவ்வளவே. தொலைவிலுள்ள இலக்கில் குண்டின் விரைவு குன்றுவதைப் படைகள் அறிந்தே ஏற்றுக்கொண்டன.

பிரிட்டனும் 2023-இல் தன் சிறப்புப் படைப்பிரிவினர்க்கும் கடற்படைக் கமாண்டோக்களுக்கும் ‘எல்.403’ என்னும் புதிய துப்பாக்கியை வாங்கியது. இது பின்பொறி அமைப்புடையது அன்று. இதன் விசைப்பூட்டுகள் இருபுறமும் அமைந்துள்ளன. இடக்கையாளர் இதனை இடத்தோளிலேயே வைத்துச் சுடலாம்.