விடுபட்ட மறுபாதி: கிராமத்து வீடுகளின் கழிவுநீர் ஏற்பாடு – ஒரு வரலாற்று நோக்கு

1895இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன் தாம் கட்டிய தொட்டிக்கு ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் சூட்டினார். தொட்டியை அடுத்து வடிகட்டும் படுகைகளும் அமைத்திருந்தார். காரணம் எளிது: தொட்டி திடக்கழிவைத் தங்கவைத்து மட்கச் செய்யும், அவ்வளவுதான். வெளியேறும் நீரில் கிருமிகள் அப்படியே இருக்கும். அதை மண்ணோ படுகையோ வாங்கிக்கொண்டால்தான் வேலை முடியும். நம் கிராமங்களுக்குத் தொட்டி வந்தது, அந்த மறுபாதி வரவில்லை.

மண்ணையே மறுபாதியாகக் கொண்ட மாற்று இந்தியாவிலேயே உருவானது என்பதுதான் வேடிக்கை. 1950களில் மத்திய சுகாதார அமைச்சகம் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு சிங்கூர், நஜப்கர், சென்னையை ஒட்டிய பூவிருந்தவல்லி ஆகிய இடங்களில் கிராமக் கழிப்பறை ஆய்வுகளை நடத்தியது. அதே காலத்தில் லக்னோவில் ‘பிராய்’ கழிப்பறை உருவானது. 1970களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் முன்னெடுத்த இரட்டைக் குழி முறை இந்த வழியில் வந்ததே.

அதன் நுட்பம் குழியின் சுவரில் இருக்கிறது. செங்கற்களை இடைவெளி விட்டு, தேன்கூடு போல் அடுக்க வேண்டும், அடியில் காரை போடக் கூடாது. கோப்பைக்குச் செங்குத்தான சரிவும் 20 மி.மீ. நீரடைப்பும் இருந்தால் இரண்டு லிட்டர் தண்ணீரே போதும். ஒரு குழி நிரம்பியதும் நடுவிலுள்ள சிறு தொட்டியில் ஒரு வாயை அடைத்து மற்றதைத் திறக்க வேண்டும். நிரம்பிய குழி ஈராண்டில் நாற்றமற்ற எருவாகிவிடும். ஆனால் கொத்தனார் ‘உறுதியா இருக்கட்டும்’ என்று உள்ளே சிமென்ட் பூசிவிட்டால், அல்லது துளையில்லா உறைகளை இறக்கிவிட்டால், நீர் மண்ணுக்குள் கசியாது, எல்லாம் வீண்.

1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம், 1986இல் மத்திய ஊரகத் துப்புரவுத் திட்டம், 1987இல் இத்தகைய உறிஞ்சுகுழிகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 12314, 2014இல் தூய்மை இந்தியா இயக்கத்தின் 12,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஏடுகளில் குறையேதும் இல்லை. வீட்டுக்காரரின் மனமோ பெரிய தொட்டியில் நின்றது. ‘பெருசா கட்டினா நம்ம காலத்துல நிரம்பாது.’ சிக்கனம் மட்டும் இதற்குக் காரணமன்று. மட்கிய எருவாயினும் அதை அள்ளுவது ‘வேறு சாதியின் வேலை’ என்ற எண்ணம் குறுக்கே நின்றது. வட இந்தியக் கிராமங்களை ஆராய்ந்த டயான் காஃபியும் டீன் ஸ்பியர்சும் இதையே அழுத்திச் சொல்கிறார்கள். பொறியியல் கையேடுகள் சாதியைப் பற்றி மூச்சு விடுவதில்லை. என் பார்வையில் அவற்றின் பெரிய ஓட்டை அதுவே.

தொட்டி என்றாவது நிரம்பத்தான் செய்யும். அப்போது உள்ளே இறங்கியவர் யார் என்பது தெரிந்ததே. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், காப்பின்றி மனிதரை இறக்குவதைத் தடை செய்தது. மறு ஆண்டு தமிழக அரசு கசடு மேலாண்மை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பின்னர் கருங்குழி என்ற ஊரில் கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. ஆனால் கசடை ஏற்றிச் செல்லும் லாரிக்குத் தூரம் கூடக் கூடச் செலவும் கூடும். அதனால் நிலையத்துக்கு எட்டாத ஊர்களில் கசடு ஓடையிலோ வயலிலோ கொட்டப்படும் அபாயம் தீரவில்லை.

குழி முறைக்கும் எல்லை உண்டு: காவிரிக் கரையின் முசிறியில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், உறிஞ்சுகுழியும் அங்கே எடுபடாது. அங்கு 2000களில் ஸ்கோப் அமைப்பினர் தரைக்கு மேல் இரு அறைகள் கட்டி, சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின் மேல் சாம்பல் தூவும் ‘ஈகோசான்’ கழிப்பறைகளை அமைத்தனர். உலர்ந்த எரு வயலுக்குப் போனது.