கடவுச்சீட்டு முதல் குடிமராமத்து வரை

1878-ல் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டோக்கியோவிலிருந்து வடக்கே கிளம்பியபோது கையில் ஒரு கடவுச்சீட்டு வைத்திருந்தார். ஜப்பானுக்குள் நுழைவதற்கான சீட்டல்ல அது. துறைமுக நகரங்களைத் தாண்டி உள்நாட்டில் கால் வைப்பதற்கான சீட்டு. அதில் கண்டிருந்த நிபந்தனைகள் படிக்கச் சுவையானவை. காட்டில் தீ மூட்டக் கூடாது. எங்காவது தீப்பிடித்தால் குதிரையேறி வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. வயலில் இறங்கக் கூடாது. கோயில் சுவரில் கிறுக்கக் கூடாது. குறுகலான தெருவில் வண்டியை விரட்டக் கூடாது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் இவை ஒவ்வொன்றையும் செய்து காட்டிய பிறகே இந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

பட்டியலின் இன்னொரு விதிதான் நம் கதைக்கு வேண்டியது: பயணத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் வீட்டையோ அறையையோ வாடகைக்கு எடுக்கக் கூடாது. பார்த்துவிட்டுப் போகலாம், குடியிருக்க முடியாது.

இது வெள்ளைக்காரர்களைக் குறிவைத்துப் புதிதாகக் கண்டுபிடித்த கெடுபிடி என்று நினைத்துவிட வேண்டாம். டோகுகாவா ஷோகன்கள் ஆண்ட காலத்தில் அடுத்த மாகாணத்து ஜப்பானியருக்கே பக்கத்துக் கிராமத்தில் குடியேறுவது எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோயிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஊர் மாறுகிறவர் பழைய இடத்திலிருந்து பெயர்மாற்றக் கடிதம் கொண்டுவர வேண்டும். வந்த இடத்தில் ஐந்து வீடுகள் சேர்ந்த குழு ஒன்றில் அவரைச் சேர்ப்பார்கள். அதில் ஒருவர் தப்பு செய்தால் ஐந்து வீடும் பதில் சொல்ல வேண்டும். நெல்வரியும் ஆளுக்கு ஆள் விதிக்கப்படவில்லை, கிராமத்தின் தலையில் மொத்தமாக விழுந்தது. புல்வெளியும் விறகுக் காடும் பொது, வாய்க்கால் நீர் முறை வைத்துப் பாய்ந்தது. புதிதாக ஒரு வீடு வந்தால் எல்லோர் பங்கிலும் கொஞ்சம் குறையும். வந்தவரை ஊர் சந்தேகத்தோடு பார்த்ததற்கு வெறும் அந்நிய வெறுப்பு மட்டும் காரணமல்ல, கணக்கும் காரணம்.

அயலாரில் விதிவிலக்கு ஒருவர் உண்டு. 1600-ல் டச்சுக் கப்பலொன்றில் கியூஷுவில் கரை ஒதுங்கிய ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஆடம்ஸ், டோகுகாவா ஆட்சியை நிறுவிய இயேயாசுவின் நம்பிக்கையைப் பெற்றார். இன்றைய யொக்கோசுக்காவிலுள்ள ஹெமியில் அவருக்கு 250 கொக்கு (ஜப்பானிய முகத்தல் அளவை) நெல் விளையும் மானியம் கிடைத்தது. எண்பது, தொண்ணூறு உழவர்கள் தன் கீழ் இருப்பதாக அவர் ஊருக்கு எழுதினார். ஆனால் அவர் கிராமத்தில் குடியேறியது எஜமானாக; ஐந்து வீட்டுக் குழுவில் யாரும் அவரைச் சேர்க்கவில்லை. 1641-லிருந்து டச்சுக்காரர்கள் நாகசாகியின் தெஜிமா என்ற விசிறி வடிவத் தீவில் அடைக்கப்பட்டார்கள். மேற்கத்திய நாடுகளோடு 1858-ல் செய்த ஒப்பந்தங்களுக்குப் பிறகும் துறைமுகத்திலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் அயலாருக்கு அனுமதி.

ஜப்பானியர் ஒருவரிடமோ அரசிடமோ வேலை பார்த்தால் மட்டும் உள்நாட்டில் தங்க வழி இருந்தது. அந்த வழியாக வந்தவர்தான் பிரிட்டிஷ் குடியுரிமை கொண்ட எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன். 1890 ஆகஸ்டில் ஜப்பான் கடலோரத்து மாட்சுவே என்ற கோட்டை நகரில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தார். மறு ஆண்டு, நொடித்துப்போன சாமுராய்க் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செட்சுவோடு வாழ்க்கையைத் தொடங்கி, கோட்டை அகழிக்கு அருகே ஒரு பழைய சாமுராய் வீட்டுக்கு வாடகைக்குப் போனார். மூன்று பக்கமும் தோட்டம். குளத்தில் தவளை, தாமரை. அந்தத் தோட்டத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையால் வீடு உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் அங்கே இருந்தது ஐந்து மாதம்தான். மாட்சுவேயின் குளிர் அவருக்கு ஒத்துவராமல், 1891 நவம்பரில் தெற்கே குமமோட்டோவுக்குக் கிளம்பிவிட்டார். ஜப்பானியப் பழைய வீட்டின் அழகைப் பாடுகிறவர்கள் பனிக்காலத்தில் அங்கே படுத்துத் தூங்கிப் பார்க்க வேண்டும். காகிதக் கதவு காற்றை ஓரளவு தடுக்கும், குளிரைத் தடுக்காது.

வீட்டைவிடப் பெரிய சிக்கல் தாள்களில் இருந்தது. முறைப்படி திருமணத்தைப் பதிந்தால் செட்சு பிரிட்டிஷ் குடிமகளாகிவிடுவார், சொத்துரிமை போய்விடும். ஆகவே 1896-ல் ஹெர்னே கொய்சுமி குடும்பத்துக்குள் சேர்ந்து கொய்சுமி யாகுமோ ஆனார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1899 ஜூலையில், அயலார் நாட்டில் எங்கு வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்ற நிலை வந்தது. நிலம் வாங்கத்தான் முடியாது. குத்தகை, மனையுரிமை என்று ஏதாவது ஏற்பாட்டில் காலம் தள்ள வேண்டும். நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள வழிவிட்ட சட்டம் 1925-ல்தான் நிறைவேறியது.

கிடைத்த சுதந்திரத்தைப் பெரும்பாலோர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு காருயிசாவா சாட்சி. நெடுஞ்சாலைப் போக்குவரத்து திசைமாறியதால் களையிழந்துபோன சத்திர ஊர் அது. 1886-ல் அங்கே வந்த பாதிரியார் அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷா, 1888-ல் பழைய வீடொன்றைத் திருத்திக் கோடை வாசஸ்தலமாக்கினார். பின்னாலேயே பாதிரிமாரும் தூதரகத்தாரும் படையெடுத்தார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடந்த அதே கதை. காருயிசாவாவிலும் கூட்டமும் பகட்டும் பெருகிவிட்டதென்று ஒரு பகுதி பாதிரிமார் 1921-ல் நொஜிரி ஏரிக்கரைக்கு இடம்பெயர்ந்தார்கள். கோடை முடிந்ததும் இறங்கிப் போகிறவர்களுக்கு வாய்க்கால் முறை எதற்கு?

ஊரோடு ஒட்டி வாழும் முயற்சி வலுப்பெற்றது, ஊர்க்காரர்களே ஊரைவிட்டுப் போகத் தொடங்கிய பிறகுதான். 1960-களில் மலைக்கிராமத்து இளைஞர்கள் ஒசாகாவுக்கும் டோக்கியோவுக்கும் ஓடினார்கள். 1970-ல் மக்கள்தொகை வடியும் பகுதிகளுக்கென்றே அரசு தனிச் சட்டம் போட்டது. ஷிகொக்குத் தீவின் இயா பள்ளத்தாக்கு அப்படி வடிந்த ஊர். போரில் தோற்ற ஹெய்கே குலத்தார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒளிந்துகொண்ட இடம் என்று கதை சொல்வார்கள். கொடிகளால் பின்னிய பாலம் இன்றும் இருக்கிறது. அங்கே 1973-ல் அலெக்ஸ் கெர் என்ற அமெரிக்க மாணவர் கைவிடப்பட்ட ஒரு வீட்டை வாங்கினார். சுமார் முந்நூறு வயதான, புல் வேய்ந்த வீடு. சீயோரி என்று பெயர் வைத்தார்.

அந்தக் கூரையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மலைச்சரிவில் வளரும் உயரமான புல்லை இலையுதிர் காலத்தில் அறுத்துக் காயவைத்து, கட்டுக்கட்டாக அடுக்கி, கயிற்றால் மூங்கில் சட்டத்தோடு இறுக்குவார்கள். வீட்டு நடுவே தரையில் பதித்த அடுப்பில் நாள் முழுக்க விறகு எரியும். புகைபோக்கி கிடையாது. மேலே ஏறும் புகை புல்லில் பூச்சி வராமல் காத்து, ஈரத்தையும் உலர்த்திவிடும். உத்தரமெல்லாம் கரிபிடித்து மினுமினுக்கும். எரிவாயு வந்து அடுப்பு அணைந்ததும் கூரை உளுத்துப்போகத் தொடங்கியது. மாற்றலாம் என்றால் புல் இல்லை: பொதுப் புல்வெளியில் போருக்குப் பின் தேவதாரு மரங்களை நட்டுவிட்டார்கள். புல் கிடைத்தாலும் ஆள் இல்லை. ஷிரகாவாகோ கிராமத்தில் ஒரு பெரிய கூரையை மாற்ற இருநூறு பேர்வரை கூடி ஒன்றிரண்டு நாளில் முடிப்பார்கள். இன்று என் கூரை, நாளை உன் கூரை. அந்தக் கைமாற்று அறுந்த ஊரில் தனியொருவர் பணம் கொடுத்துக் கூரை மாற்றுவது எளிதல்ல.

கெர் எழுதிய புத்தகமும், வேல்ஸிலிருந்து வந்து 1980-ல் நாகானோவின் குரோஹிமேயில் குடியேறி, பாழடைந்த காட்டை வாங்கிச் சீர்படுத்திய சி. டபிள்யூ. நிக்கலின் புகழும், நீகாட்டா மாநிலத்துப் பழைய வீடுகளைப் புதுப்பித்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் கார்ல் பெங்ஸின் பெயரும் சேர்ந்து, ஜப்பானியக் கிராமத்து அயலார் என்றாலே கையில் இழைப்புளியோடு நிற்கும் மேற்கத்திய ஆண் என்ற படத்தைப் பதித்துவிட்டன. அவர்கள் செய்தது பெரிய வேலைதான். ஆனாலும் படம் பாதிதான் உண்மை.

மீதிப் பாதி பெண்கள். யாமகாட்டா மாநிலத்தின் அசாஹி நகராட்சி 1985-ல், பெண் கிடைக்காமல் தவித்த விவசாயிகளுக்காகப் பிலிப்பைன்ஸிலிருந்து மணப்பெண்களை வரவழைக்கத் தானே ஏற்பாடு செய்தது. அடுத்து ஒகுரா கிராமமும், 1987-ல் இயா பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதிக் கிராமமும் அதே வழியில் போயின. அரசு அலுவலகமே தரகு வேலை பார்ப்பதா என்று கண்டனம் கிளம்ப, நகராட்சிகள் பின்வாங்கின. தனியார் தரகர்கள் புகுந்தார்கள். கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். இவர்களுக்குக் கூரையின் அழகை ரசிக்க நேரமிருக்கவில்லை. மாமியாரோடு ஒரே சமையலறை, தெரியாத மொழி, புரியாத வட்டார வழக்கு, வயலில் வேலை, படுத்த மாமனாருக்குப் பணிவிடை. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களும் இவர்கள்தான். யாமகாட்டாவின் தொசாவா கிராமத்தில் கொரிய மருமகள்கள் போட்ட கிம்ச்சி ஊர்ச் சரக்காகவே மாறியது. நெடுஞ்சாலையோரம் கொரியப் பாணிக் கூரையோடு விற்பனை மண்டபம்கூட எழுந்தது. ஹெர்னின் வீட்டைப் பார்க்க ஆண்டுதோறும் பயணிகள் வருகிறார்கள். இந்தப் பெண்கள் வாழ்ந்த வீடுகளுக்கு முன்னால் பலகை எதுவுமில்லை.

இப்போது வீட்டுக்குப் பஞ்சமே கிடையாது. 2023 கணக்கெடுப்பில் ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் காலி; மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். நகராட்சிகள் காலி வீடுகளைப் பட்டியலிட்டு வாங்க அழைக்கின்றன. அயலாரும் வாங்கலாம். ஆனால் வீடு வாங்கியதாலேயே குடியிருப்பு விசா கிடைத்துவிடாது. இது தெரியாமல் பணத்தைக் கட்டுகிறவர்கள் உண்டு.

சாவி கைக்கு வந்ததும் பழைய கணக்கு திரும்புகிறது. எதிரே மூன்று வீடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீடு என்று ஐந்து வாசலிலும் போய்த் துண்டோ சோப்போ கொடுத்து அறிமுகம் செய்துகொள்வது மரபு. டோகுகாவா காலத்தில் சோபா நூடுல்ஸ் கொடுத்தார்கள். பிறகு ஊர்ச் சங்கம். போர்க்காலத்தில் ரேஷனுக்கும் வேவுக்கும் பயன்பட்டதென்று அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1947-ல் ஒழித்துக்கட்டிய அமைப்பு, 1952-க்குப் பிறகு மறுபடி தளிர்த்தது. சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாகக் கைமாறும். குப்பைக் கூண்டைக் கழுவ முறை வரும். நடவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் மண்வெட்டியோடு வாய்க்கால் தூர்வாரக் கூடுவார்கள், நம்மூர்க் குடிமராமத்து போல. வராத வீட்டிடம் பல ஊர்களில் காசு வசூலிப்பார்கள்.

வீட்டோடு ஒரு துண்டு வயல் ஒட்டியிருந்தால் வேளாண் குழுவின் அனுமதியும் வேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு நிலம் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நீங்கியதால் சிறு துண்டுகளை வாங்குவது சுலபமாகியிருக்கிறது. அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் விவசாயிகள். ஆண்டுக்கு 150 நாளாவது வயலில் வேலை செய்வீர்களா என்பது, ஜப்பானியராக இருந்தாலும் அயலாராக இருந்தாலும், மனுதாரரிடம் அவர்கள் பார்க்கும் பொதுவான அளவுகோல்.