ரேடியேஷனும் வைட்டமின் மாத்திரையும்: ஒரு சின்ன வரலாறு

இங்கே அணுபுரத்தில் பக்கத்து வீட்டு அண்ணனின் அம்மாவுக்கு வாய்ப்புற்று. ரேடியேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. உறவினர் ஒருவர் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறார். "வைட்டமின்தானே தம்பி, சேர்த்துக் கொடுத்தா என்ன?" என்று அண்ணன் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேடிப் படித்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954ல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே கனடாவிலிருந்து கோபால்ட்-60 கருவி வந்தது. காமாக் கதிர் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உடைத்து ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்குகிறது. அவை டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. இந்த வகைக் கதிர்வீச்சு செய்யும் சேதத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நடப்பதுதான். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு இது தெரியாத விஷயமில்லை.

அடையாறில் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றுக்கு ரேடியேஷனோடு ப்ளியோமைசின் மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, 1980ல் முடிவை வெளியிட்டார்கள். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குப் பலன் அதிகம். ப்ளியோமைசினும் இரும்பு, ஆக்ஸிஜன் துணையோடு டிஎன்ஏவை வெட்டுகிற மருந்துதான். ஆக, இரண்டு சிகிச்சைக்கும் ஆயுதம் ஆக்ஸிஜனேற்றம். ஆன்டிஆக்ஸிடன்ட்டின் வேலையோ அதை அணைப்பது.

பிறகு வைட்டமின்மேல் இவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது? நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், 1976ல் கேமரன் என்ற மருத்துவரோடு சேர்ந்து, வைட்டமின் சி புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டுகிறது என்று எழுதினார். மேயோ கிளினிக் 1979லும் 1985லும் முறையாகச் சோதித்தது, பலன் தெரியவில்லை. 1994ல் ஃபின்லாந்திலிருந்து பெரிய அடி. புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனை அது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது.

நம் பக்கத்தில், வாயில் வரும் வெள்ளைத் திட்டுக்கு வைட்டமின் ஏ கொடுத்த கேரள ஆய்வு 1997ல் வந்தது. 52 சதவீதம் பேருக்குத் திட்டு முழுதாக மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 சதவீதம்தான். ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் திரும்பி வந்துவிட்டது. அதுவும் புற்றுக்கு முந்தைய நிலை. ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுத்ததல்ல.

அண்ணனின் கேள்விக்கு நேரான பதில் 2005ல் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்தது. தலை, கழுத்துப் புற்றுக்கு ரேடியேஷன் எடுத்த 540 பேர். பாதிப்பேருக்கு வைட்டமின் ஈ, தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்குப் பீட்டா கரோட்டினும். இரண்டும் எடுத்தவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் குறைந்தன, உண்மைதான். ஆனால் புற்று திரும்பும் போக்கு மாத்திரை எடுத்த குழுவில் அதிகமாகத் தெரிந்தது. வைட்டமின் ஈ குழுவில் பின்னாளில் இறப்பும் கூடியது.

இங்கேதான் எனக்கு உறைத்தது. மாத்திரை வேலை செய்யவில்லை என்பதல்ல பிரச்சினை. வாய்ப்புண்ணைக் காப்பாற்றும் அதே மாத்திரை கட்டியையும் காப்பாற்றக்கூடும். நோயாளிக்குத் தெம்பாகத் தெரியும். நாமும் பலிக்குதுன்னு நினைப்போம்.

அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். கீரை, பழச்சாறு என்று சாதாரணமாகச் சாப்பிடுவது வேறு. டோஸ் ஏற்றிய மாத்திரை வேறு. டப்பாவை அப்படியே ரேடியேஷன் டாக்டரிடம் காட்டுங்கள், புண்ணுக்கு என்ன செய்யலாம் என்றும் அவரையே கேளுங்கள். வாங்கிக் கொடுத்தவரிடம் கோபப்பட வேண்டாம். அம்மா கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாமல்தானே வாங்கினார்.